முப்பத்து நாலு கிலோ பொம்மை

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் பத்தொன்பது வருடத்தில் அது மெல்லச் சுற்றிக்கொண்டு முன்பக்கத்துக்கே வந்துவிட்டது. இப்போதெல்லாம் லாரி டிரைவர்கள்கூடப் போனில், "பூதக்கண்ணாடி அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அவளும் கோபப்படாமல், "நான்தான், சொல்லுங்க" என்கிறாள். உள்ளுக்குள் அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. வெளியே சொல்வாளா என்ன?

அந்த நகரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புகைபோக்கி தெரியும். அத்தனை தொழிற்சாலைக்கும் வெளிநாட்டிலிருந்து ஏதாவது ஒன்று பெட்டியில் வந்துகொண்டே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை, என்ன எடை, எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் சுங்கத் துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளுக்கு டிக்ளரேஷன் என்று பெயர். அதைத் தயாரித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. எத்தனை, என்ன எடை என்பதையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளையும் எழுதிவிடும். 'என்ன' என்பதில்தான் சிக்கல். உலகத்தில் உள்ள சகல பொருளுக்கும் சுங்கத் துறை எட்டு இலக்கத்தில் ஓர் எண் வைத்திருக்கிறது. குடைக்கு ஓர் எண், கைத்தடிக்கு ஓர் எண். குடையாக விரியும் கைத்தடி வந்தால் மற்றவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். இவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, எண்ணைச் சொல்லிவிடுவாள்.

இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. மகளுக்கு ஹேர் கிளிப் வாங்கப் போனால், இது பிளாஸ்டிக்கா உலோகமா, இரண்டில் எது எடை அதிகம் என்று கடையிலேயே நின்று யோசிப்பாள். "அம்மா, அது கிளிப். தலையில மாட்டறது. அவ்வளவுதான், வா," என்று பத்தாவது படிக்கும் மகள் கையைப் பிடித்து இழுப்பாள். பேரிங் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் கணவர் ஒருநாள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "என்னை எந்த நம்பர்ல போடுவே?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"பயன்படுத்திய இயந்திரம். சத்தம் அதிகம். உதிரி பாகம் கிடைக்காது," என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

எல்லா டிக்ளரேஷனுக்கும் அடியில் ஒரு கட்டம் உண்டு. டிக்ளரேஷன் கொடுக்கச் சுங்கத் துறை தரும் லைசென்ஸை வைத்திருப்பவரின் பெயர் அங்கே வரும். லைசென்ஸ் முதலாளியுடையது, அதனால் பெயரும் முதலாளியுடையது. பத்தொன்பது வருடத்தில் அவள் கையால் போனவை இருபதாயிரத்துக்குக் குறையாது. ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. முதலாளி நல்ல மனிதர். அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்திருந்தால் பத்து வருடத்துக்கு முன்பே சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருப்பாள். அவரோ காய்ச்சல் என்றால் வீட்டுக்கு ஆட்டோ வைத்து அனுப்புவார், மகளின் பள்ளிக்கூட சேர்க்கைக்குத் தானே வந்து வரிசையில் நின்றார். இப்படிப்பட்டவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? ஆனால் ஆசை ஆசைதானே. தன் பெயரில் ஒரு லைசென்ஸ் வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் படித்து, போன வருடம் எழுத்துத் தேர்வு எழுதித் தேறிவிட்டாள். தேறிய பிறகு சொன்னபோது முதலாளி, "நானே பரிந்துரைக் கடிதம் தரேம்மா," என்றார். நல்லவர் என்றுதான் சொன்னேனே.

அந்தத் திங்கட்கிழமை காலை நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. அவள் அப்போது ஒரு நர்சிங் பள்ளிக்கு வந்த பெட்டிக்கு டிக்ளரேஷன் தயாரித்துக்கொண்டிருந்தாள். மாணவிகள் பிரசவம் பார்த்துப் பழகுவதற்கான ஆளுயரப் பெண் உருவம், அதற்குள்ளிருந்து பிறக்கும் சிசு, மாற்றி மாட்ட நாலைந்து தொப்புள்கொடிகள். முன்பின் வராத சரக்கு. இந்தத் தொழிலில் யாரும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. நேற்று செய்த டிக்ளரேஷன் ஒன்றைத் திறந்து, இறக்குமதியாளர், நாடு, எடை, சரக்கு விவரம் என்று வரிவரியாக மாற்றிக்கொண்டு போவார்கள். எல்லாரும் செய்வதுதான், எல்லாரும் மற்றவர்களைச் செய்யாதே என்று சொல்வதும் இதைத்தான். அவளும் அப்படி ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். இறக்குமதியாளரை மாற்றியாயிற்று, நாட்டை மாற்றியாயிற்று, எடையை மாற்றியாயிற்று. சரக்கு விவரத்துக்கு வரும்போது முதலாளி உறையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு என்று இருந்தது. கீழே இரண்டு வரி: விண்ணப்பித்தவர் பெயரில் பொய் அறிவிப்பு என்று குறிப்பு இருந்தால் லைசென்ஸ் கிடையாது. மற்ற பிழைகளைக் குழு தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும். "உனக்கென்னம்மா, உன் கையில பிழையா?" என்று முதலாளி சிரித்தார். ஆளாளுக்கு வந்து கை குலுக்கினார்கள். யாரோ டீ வாங்கி வந்தார்கள். நாற்பத்து மூன்று வயதில் வெட்கப்பட்டு முகம் சிவந்து, டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, அவள் இருக்கைக்குத் திரும்பினாள். திரையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அனுப்பிவிட்டாள்.

செவ்வாய் மாலை தகவல் வந்தது. நர்சிங் பள்ளிப் பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்களாம். பத்தில் ஒன்றைத் திறப்பது வழக்கம்தான். புதன் காலை அவள் பஸ் ஏறி, நகரத்தின் ஓரத்தில் இருக்கும் கன்டெய்னர் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பரிசோதனைக் கொட்டகையில் பெரிய மரப்பெட்டியை ஏற்கனவே பிரித்து வைத்திருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். பரிசோதனை அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர். முப்பது வயதுதான் இருக்கும், சட்டைப் பையில் மூன்று பேனா. பெட்டிக்குள் நிறைமாதப் பெண் உருவம் ஒன்று கால்களை மடக்கி, கூரையை வெறித்தபடி படுத்திருந்தது.

"இந்த டிக்ளரேஷன் நீங்க கொண்டு வந்ததுதானே?" என்று கேட்டுவிட்டு, அதிகாரி நிறுத்தி நிதானமாகப் படித்தார். "பொம்மை. இமைக்கும் கண்கள் கொண்டது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கு. பேட்டரி தனி."

யாருடைய தாளையோ மாற்றிப் படிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பரிதாபமாகக்கூட இருந்தது, எந்த மடையன் இப்படி எழுதியிருப்பான் என்று. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வேலையாக ஒரு பொம்மைக் கடைக்காரருக்குச் செய்து கொடுத்த டிக்ளரேஷன் கண் முன்னால் வந்து நின்றது. டீ குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டதும், நிரம்பியிருந்த கட்டங்களும், ஒவ்வொன்றாக வந்தன.

"எடை முப்பத்து நாலு கிலோ," என்றார் அதிகாரி. "மூணு வயசுக் குழந்தை முப்பத்து நாலு கிலோ பொம்மையைத் தூக்கி விளையாடாதுன்னு கம்ப்யூட்டருக்கே சந்தேகம் வந்து என்கிட்ட அனுப்பியிருக்கு, மேடம்."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இருமல் நின்றது.

"சார், எங்க தப்பு. பழைய டிக்ளரேஷனைத் திறந்து மாத்தினோம். இந்த ஒரு இடத்தை மாத்தாம விட்டுட்டோம். வேணும்னு பண்ணல. பொம்மைக்குத்தான் வரி அதிகம். ஏமாத்தறவ யாராவது அதிகமா கட்டற மாதிரி ஏமாத்துவாளா?"

"வரிக்காக இல்ல மேடம். இது மருத்துவக் கருவி. சுகாதாரத் துறை அனுமதி இல்லாம வெளியே விட முடியாது. பொம்மைன்னு போட்டா அனுமதி தேவையில்லை. அப்படித்தான் எனக்குத் தோணுது. பொய் அறிவிப்புன்னு எழுதறதைத் தவிர வேற வழி தெரியல."

பொய் அறிவிப்பு. கடிதத்தின் அடியில் இருந்த அதே இரண்டு வார்த்தைகள். வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் இருந்தது. பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயந்தால் அவளுக்கு அழுகை வராது, புத்தி வரும். அது ஒரு வரம்.

"இது பொம்மையும் இல்ல, மருத்துவக் கருவியும் இல்ல சார். பாடம் நடத்தறதுக்கான மாதிரி உருவம். அதுக்குத் தனி நம்பர் இருக்கு. வரியும் குறைவு, அனுமதியும் தேவையில்லை. நான் காட்டறேன், நீங்களே பாருங்க."

நர்சிங் பள்ளி ஆசிரியைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். ஆசிரியை வகுப்பில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லா காட்டலாமே! வயித்துப் பக்கவாட்டுல ஒரு கைப்பிடி இருக்கும், அதை நீங்க சுத்துங்க. குழந்தையை யார் வாங்கப் போறது?"

"சுங்க அதிகாரி," என்றாள் அவள்.

"கை கழுவினாரா?"

அதிகாரி போனைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூலையில் இருந்த குழாய்க்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். அதற்குள் எடைமேடைக்காரர், சீல் வைப்பவர், இரண்டு லாரி டிரைவர்கள் என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. அவள் கைப்பிடியைச் சுற்றினாள். கரகரவென்று சத்தம் வந்தது.

"தலை தெரியுதா?" என்று போன் கேட்டது.

"தெரியுது," என்றார் அதிகாரி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"இழுக்கக் கூடாது சார்! அது பார்சல் இல்ல. தானா வரும். கழுத்துக்கு அடியில கை குடுங்க. கழுத்தைச் சுத்திக் கொடி இருக்கான்னு விரலால பாருங்க."

"இருக்கு மேடம்! ஒரு சுத்து இருக்கு!"

"பதறாதீங்க. மெதுவாத் தலைக்கு மேலே எடுத்து விடுங்க. அக்கா, நீங்க சுத்துறதை நிறுத்துங்க!"

அதிகாரியின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கொடியை எடுத்து விட்டார். அவள் மறுபடி சுற்றினாள். தோள் வந்தது, இடுப்பு வந்தது, சட்டென்று முழுக் குழந்தையும் அவர் இரண்டு கைக்குள் வந்து விழுந்தது. லாரி டிரைவர்கள் கை தட்டினார்கள். அதிகாரி அந்த ரப்பர் சிசுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கீழே வைக்க மனமில்லாதவர்போல நின்றார்.

"முதல் தடவைக்குப் பரவாயில்லை," என்றது போன். "எங்க பிள்ளைங்க பாதிப் பேர் கொடியை மறந்துடுவாங்க."

"சார், இந்த அஞ்சு நிமிஷத்துல நீங்க விளையாடினீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல."

"யாருக்காவது வைத்தியம் நடந்துச்சா?"

"இல்ல." அவர் குழந்தையைப் பார்த்தார். "கத்துக்கிட்டேன்."

அவரே எண் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, அவள் சொன்ன பக்கத்தைப் புரட்டிப் படித்து, தலையை ஆட்டினார். பிழை என்றே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. "ஆனா பிழைக் குறிப்புல, டிக்ளரேஷனைத் தயாரிச்சது யாருன்னு பேர் போடணும். அது யாருன்னு சொல்லுங்க," என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து முதலாளி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். அவளை மரப்பலகை அடுக்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஆனாலும் அதிகாரியின் காதுக்கு எட்டும் தூரம்தான்.

"நான்தான் அடிச்சேன்னு சொல்லிடறேன். பேப்பர்ல என் பேர்தானே இருக்கு? எனக்கு இனிமே என்ன ஆகப்போகுது. உனக்கு நாளன்னைக்கு இன்டர்வியூ. பேர்ல கறை இல்லாம போம்மா."

ஒரு நிமிடம், பொய் சொல்வானேன், ஒரு முழு நிமிடம் அவள் சரி என்று சொல்லத்தான் இருந்தாள். அவர் மனசாரத்தான் சொன்னார். அதைக் கேட்டு நெஞ்சு இளகியது. இளகிய கையோடு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், பத்தொன்பது வருடக் கோபம் மொத்தமும் தொண்டைக்கு வந்தது.

"நல்லா செஞ்சதெல்லாம் உங்க பேர்ல போச்சு சார். இதையாவது என் பேர்ல விடுங்க."

அவள் அவரைத் தாண்டி நடந்து, அதிகாரியின் முன்னால் போய்த் தன் முழுப் பெயரையும் சொன்னாள். அவர் நெடுநேரம் எழுதினார். நகலை மடித்துக் கையில் கொடுக்கும்போது, "வெள்ளிக்கிழமை அவங்க இதை எப்படி எடுத்துப்பாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்," என்றார்.

வீட்டில் சொன்னபோது ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். கணவர் சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். மகள் தரையில் உருண்டாள். "பேட்டரி தனியாம்மா?" என்று கேட்டுக் கேட்டு உருண்டாள். அவள் கோபித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். பாதியில் தனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது தெரியாமல் இருக்க இன்னும் நாலு பாத்திரத்தை உருட்டினாள். மறுநாளே பேரிங் தொழிற்சாலை முழுக்க விஷயம் பரவிவிட்டது என்று கேள்வி. ஆனால் வியாழன் முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலாளியும் அவளும் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை செய்தார்கள். மாலையில் அவர் வந்து, ஒட்டிய உறை ஒன்றை மேசைமேல் வைத்தார். பரிந்துரைக் கடிதம்.

வெள்ளிக்கிழமை. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி ஓய்வு பெறும் வயதுக்காரர், எதற்கும் அசராதவர்போலத் தெரிந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு ஓரமாகத் தள்ளினார்.

"பத்தொன்பது வருஷம் நீங்கதான் எல்லாம் பண்ணீங்கன்னு எழுதியிருக்கார். இந்த மாதிரி லெட்டர் நிறையப் பார்த்தாச்சும்மா. மச்சானுக்கு, மருமகனுக்குன்னு எல்லாரும் குடுக்கறாங்க. வேலையை நீங்கதான் செஞ்சீங்கன்னு சுங்கத் துறை எழுதின பேப்பர் ஏதாவது உங்ககிட்ட இருக்கா? உங்க பேர் போட்டு, ஒண்ணே ஒண்ணு?"

அவள் தரையைப் பார்த்தாள். இருபதாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. பையின் உள்ளறையில் மடித்து வைத்த அந்த ஒரு தாளைத் தவிர. கேட்காதவரை காட்ட வேண்டியதில்லை என்று காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது கேட்டேவிட்டார்கள். காட்டினால் பிழைக்காரி, காட்டாவிட்டால் பொய்க் கடிதக்காரி. அவள் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"என் பேர்ல இருக்கறது இது ஒண்ணுதான் மேடம். இதுவும் தப்புக்காக."

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். நிறைமாதப் பெண்ணையும், மூன்று வயதுக் குழந்தைகளையும் தாண்டுவதற்குள் இடது பக்கத்து உறுப்பினர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பேட்டரி வந்தபோது தலைவியே நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது. சற்றுப் பொறுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதிகாரியின் குறிப்புக்கு வந்தார். அந்தக் குறிப்பை அவளும் அப்போதுதான் முதல் தடவை கேட்கிறாள். பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் இருந்ததில்லை.

"'இந்த டிக்ளரேஷனைத் தயாரித்தவர் இவரே. லைசென்ஸ்காரர் பொறுப்பேற்க முன்வந்தும் மறுத்துத் தன் பெயரைக் கொடுத்தார். சரக்கு எந்த எண்ணில் வரும், ஏன் மற்ற இரண்டில் வராது என்பதைப் புத்தகம் பார்க்காமல், சரக்கைக் கொண்டே நிரூபித்தார். நான் கற்றுக்கொண்டேன்.'"

அறையில் சிரிப்பு அடங்கிப் போயிருந்தது. தலைவி தாளை மடித்து, பரிந்துரைக் கடிதத்துக்கு மேலே வைத்தார்.

"நான் கேட்டது இதுதாம்மா," என்றார். முத்திரையை அருகில் இழுத்துக்கொண்டார்.

வெளியே நடைக்கூடத்துக்கு வந்து முதலில் முதலாளிக்குச் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்தது கணவருக்கு. பின்னால் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"கிடைச்சிடுச்சுங்க!"

"என்னது? கேக்கல!"

"கிடைச்சிடுச்சு!" நடைக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அப்படியா? ஆணா, பொண்ணா?" என்று அவரும் கத்தினார். அவரைச் சுற்றி நாலைந்து பேர் ஹோவென்று சிரித்தார்கள்.

அவரை நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. சுவரில் சாய்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொண்ணுதாங்க," என்றாள். "வயசு நாற்பத்து மூணு."